வயிறு காலியாகும் ஸ்கேன்: திருச்சியில் நான் எடுத்துக்கொண்டது

முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல் என் தொழில். சர்க்கரை வந்து பதினாறு வருஷம். போன ஆடியிலிருந்து ரெண்டு இட்லி சாப்பிட்டாலே நெஞ்சு வரை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் சாதம் ராத்திரி பத்து மணிக்கு வாந்தியில் வந்தது, கேரட் துண்டு வெட்டிய வாக்கிலேயே இருந்தது. எண்டாஸ்கோபியில் புண்ணும் இல்லை, அடைப்பும் இல்லை. "சாப்பாடு எவ்வளவு நேரத்தில் இறங்குதுன்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம், மாஸ்டர்" என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். போனில் நேரம் வாங்கியபோது "வெறும் வயித்தோட வாங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். ஒரு நிச்சயதார்த்த ஆர்டரைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். அங்கே போன பிறகுதான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார்கள். பையிலிருந்து ரெண்டு அட்டையை எடுத்து வைத்தேன். ஒன்று வாந்திக்கு டாம்பெரிடோன். இன்னொன்று வயிற்றைப் பிடித்து இழுத்தால் போட்டுக்கொள்ள, மெடிக்கல் கடையில் நானே கேட்டு வாங்கிய டைசைக்ளோமின். "ரெண்டையும் மூணு நாள் நிறுத்திட்டு வாங்க ஐயா, இல்லைன்னா ரிசல்ட் தப்பா வரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை போனிலேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு நாள் பிழைப்பு போயிற்று, கோபமும் வந்தது.

ஆனால் அங்கிருந்த இளம் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இந்த இடத்தை எல்லோருக்கும் சொல்கிறேன்.

இரைப்பையின் சுவர் முழுக்கத் தசைதானாம், ஆனால் கை கால் தசை மாதிரி நாம் சொல்லி அசைவதில்லை. மேல்பாதி தளர்ந்து கொடுத்து, வந்த சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. கீழ்பாதிதான் கிரைண்டர். நிமிஷத்துக்கு மூணு அலை. சாப்பாடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்காகிற வரைக்கும் வாசல் விடாது, திருப்பித் தள்ளித் திரும்ப அரைக்கும். அந்த மூணு அலைக்குத் தாளம் போடுகிற செல்கள் தசைக்கு நடுவிலேயே இருக்கின்றன. நாள்பட்ட சர்க்கரை அந்தச் செல்களையும், மூளையிலிருந்து வருகிற நரம்பையும் அரித்துவிடும். என் கேரட் ஏன் முழுசாக வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு அந்த ரெண்டு அட்டை. நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற சரக்கு வந்து தசையைத் தொட்டால், தசை செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை சுருங்கும். டைசைக்ளோமின் அந்த சரக்கு தொடுகிற இடத்தை மறித்துவிடும். பிடிப்பு விட்டு வலி குறைவது அதனால்தான். ஆனால் கிரைண்டரும் சேர்ந்தே தளர்ந்துவிடும். டோபமின் என்ற இன்னொரு சரக்கு வயிற்றுக்குப் பிரேக். டாம்பெரிடோன் அந்தப் பிரேக்கை எடுத்துவிட்டு வயிற்றைத் தள்ளச் சொல்லும். நான் ஒரு வருஷமாக ரெண்டையும் ஒரே வேளையில் விழுங்கிக்கொண்டிருந்தேன். விறகைத் தள்ளித் தள்ளி அதன்மேலேயே தண்ணீர் தெளித்த கதை. மெடிக்கல் கடையில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுபடி போன அன்று முதலில் விரல் நுனியில் சர்க்கரை பார்த்தார்கள்: 182. 275-ஐத் தாண்டினால் எடுப்பதில்லையாம், ஏறின சர்க்கரையே வயிற்றை மந்தமாக்கிவிடும்.

சாப்பாடு: முட்டையின் வெள்ளைக்கரு மட்டும், ரெண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம், 120 மில்லி தண்ணீர். பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். டெக்னீசியம் என்ற கதிர் மருந்தை வெந்த முட்டைமேல் ஊற்றுவதில்லை. பச்சை வெள்ளைக்கருவிலேயே கலந்து, அப்புறம்தான் வேக வைக்கிறார்கள். அப்போதுதான் மருந்து முட்டையோடு கட்டிக்கொண்டு நிற்கும், பிரிந்து தண்ணீரோடு முன்னாலேயே ஓடாது. பதம் தெரிந்த கை செய்த வேலை அது. உப்பில்லை, ரொட்டி காய்ந்து கிடந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே சாப்பாடு இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்றார்கள், சரிதான். முட்டை சாப்பிடாத ஒரு பாட்டிக்கு இட்லி கொடுத்தார்கள், அதற்குக் கணக்கு வேறாம்.

சாப்பிட்டவுடன் ஒரு படம், பிறகு 1 மணி, 2 மணி, 4 மணிக்கு. முட்டையில் கலந்த அந்தக் கதிரைப் படம் பிடிக்கிற கேமரா முன்னால் நின்றால் போதும், ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிஷம். ஊசி கிடையாது, வலி கிடையாது. இடையில் வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. காத்திருக்கும் இடத்தில் நாற்காலி போதவில்லை, ஏசி குளிர் எலும்பில் இறங்குகிறது. துணைக்கு வருகிறவர்கள் ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

என் கணக்கு: 2 மணியில் 71 சதவீதம் வயிற்றிலேயே, 4 மணியில் 26. அந்த முட்டைச் சாப்பாட்டுக்கு 2 மணியில் 60-க்கு மேல், 4 மணியில் 10-க்கு மேல் தங்கினால் தாமதம் என்று அர்த்தம். நான்காவது படத்தில் என் வயிறு இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மருந்துக்காரர்கள் "கேஸ்" என்றும் வீட்டில் "கண்ணடி" என்றும் சொன்னதற்கு அன்றைக்குத்தான் ஒரு உருவம் கிடைத்தது.

டைசைக்ளோமினை டாக்டரம்மா அடியோடு நிறுத்திவிட்டார். டாம்பெரிடோனைத் தொடர விடும் முன் ஈசிஜி எடுத்துப் பார்த்தார், அது சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாமாம். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் 10 மில்லிகிராம், அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும். மூணு வேளையை ஆறாகப் பிரித்து, எண்ணெயும் நாரும் குறைத்து, குழையக் குழைய வடித்த சோறு. வாந்தி நின்று ஐந்து வாரம் ஆகிறது.

ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள், ரிப்போர்ட் அன்று சாயங்காலமே கையில் கிடைத்தது. போகிறவர்கள் சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மூணு நாள் முன்னாடியே போன் செய்து ஒவ்வொன்றின் பேரையும் படித்துக் காட்டுங்கள். உடம்பு இளைக்க ஊசி போடுகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் வயிற்றை மெதுவாக்கும். நிறுத்தலாமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.