பகலில் போன் போதும், இரவில்தான் கிம்பல்: மலிவானவற்றில் எதை வாங்குவது?

காலை வெயிலில் யாழ்ப்பாணக் கோட்டை மதிலோரம் நடந்துகொண்டே வீடியோ எடுப்பவருக்குக் கிம்பல், அதாவது போனைப் பூட்டி ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி, தேவையில்லை. வாங்க வந்தவரிடம் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார் என்பதால் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐபோன் 14 முதல் வரும் ஆக்‌ஷன் மோட், சாம்சங் போன்களின் சூப்பர் ஸ்டெடி எல்லாம் நல்ல வெளிச்சத்தில் கை ஆட்டத்தை நன்றாகவே மறைத்துவிடுகின்றன. படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு, நடுப்பகுதியை ஆட்டத்துக்கு எதிராக நகர்த்திக் காட்டுவதுதான் அவை செய்யும் வேலை. அதனால் காட்சி கொஞ்சம் குறுகும், தெளிவும் சற்றுக் குறையும். ஆக்‌ஷன் மோடில் 4கே கிடையாது, 2.8கே வரைதான். யூடியூப்புக்கு அது போதும்.

பொழுது சாய்ந்த பிறகு கதை வேறு. வெளிச்சம் குறையக் குறைய, வீடியோவின் ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம்) பதிய போன் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் கை ஆடினால் படம் இழுபட்டுக் கலங்கிவிடும். பிறகு எந்த மென்பொருளால் சட்டத்தை நகர்த்தினாலும் அந்தக் கலங்கல் போகாது. அதனால்தான் ஆக்‌ஷன் மோடில் இரவில் படம் எடுக்கப் போனால், இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. கிம்பலோ போனையே ஆடாமல் பிடிக்கிறது. சாமத்திய வீடு, கலியாண மண்டபம், நல்லூரின் இரவுத் திருவிழா இவைதான் உங்கள் வேலை என்றால் கிம்பலுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. 

முதலில் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். மிக மலிவாக, செல்ஃபி ஸ்டிக் போன்ற உருவத்தில், "அண்ணை, இதுவும் கிம்பல்தான்" என்று சொல்லி விற்கப்படும் சாமான் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு மோட்டார். போன் இடம் வலமாகச் சரிவதை மட்டும் அது நேராக்கும். மேலும் கீழுமாகத் தலையாட்டுவதையும், பக்கவாட்டில் திரும்புவதையும் அது கண்டுகொள்ளாது. உண்மையான கிம்பலில் மூன்று மோட்டார்கள், மூன்று திசைக்கும் ஒவ்வொன்று. கடையிலேயே சோதித்துவிடலாம். போனைப் பூட்டி, இயக்கி, கைப்பிடியைச் சட்டென்று முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். பிறகு மணிக்கட்டை இடம் வலமாகச் சட்டென்று அசையுங்கள் (மெல்லத் திருப்பினால் நல்ல கிம்பலும் பின்தொடரும்). போனும் அந்த நொடியிலேயே கையோடு சேர்ந்து ஆடினால் அதை வைத்துவிட்டு வந்துவிடலாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ட்ரைபொட் வாங்கினால் கூடுதல் பயன் உண்டு.

சரி, மூன்று மோட்டார் உள்ளவற்றுக்கு வருவோம். பெரும்பாலானோருக்குப் போட்டி டிஜேஐ, இன்ஸ்டா360 என்ற இரண்டு நிறுவனங்களுக்கு இடையில்தான். டிஜேஐயின் ஒஸ்மோ மொபைல் 7, 2025 பெப்ரவரியில் 89 டொலர் விலையில் வந்தது. டொலரை 300 இலங்கை ரூபாய் என்று வைத்தால் 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வரியும் கடைக்காரரின் பங்கும் சேர, இங்கே அதைவிடக் கூடத்தான் கேட்பார்கள். எடை 300 கிராம் அளவு, மடித்துக் காற்சட்டைப் பையில் போடலாம், கைப்பிடிக்குள்ளேயே சிறிய கால்கள் இருக்கின்றன. ஒருமுறை சார்ஜ் செய்தால் 10 மணி நேரம் என்கிறது நிறுவனம். கலியாண வீட்டில் காலையில் தொடங்கி இரவு விருந்துவரை இடைக்கிடை நிறுத்தி நிறுத்தி எடுப்பவருக்கு அது தாராளம். இதற்கு முந்தைய ஒஸ்மோ மொபைல் எஸ்இ 2022இல் 99 டொலருக்கு வந்தது, 8 மணி நேரம் ஓடும். பழைய கையிருப்பு எங்காவது நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையும் தள்ளிவிட வேண்டாம். காந்தப் பிடி இரண்டிலும் உண்டு. பிடியைப் போனிலேயே விட்டுவிட்டுத் தேவையானபோது ஒட்டிக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்தில் கிளாம்பைத் திருகிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

இதில் மறைந்திருக்கும் ஒரு தொல்லை செயலிதான். முதல்முறை இயக்குவதற்கு டிஜேஐயின் மிமோ செயலி வேண்டும். ஆண்ட்ராய்டில் அது பிளே ஸ்டோரில் கிடைப்பதில்லை, நிறுவனத்தின் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். போன் எச்சரிக்கை காட்டும், அனுமதி கேட்கும். விழா வீட்டு வாசலில் நின்று டேட்டா இழுக்காமல், முதல் நாளே வீட்டில் இதை முடித்துவிடுங்கள். இன்னொன்று, ஆளைத் தொடர்ந்து திரும்பும் வசதி எஸ்இயிலும் சாதாரண 7இலும் மிமோவுக்குள் எடுத்தால் மட்டுமே வேலை செய்யும். போனின் சொந்தக் கமராவில் எடுத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் ஆளைத் தொடராது. என் கணக்கில் இது பெரிய குறையே இல்லை. மண்டபத்தில் பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் பின்தொடர்வது உங்கள் கண்ணும் கையும்தான். போனின் சொந்தக் கமரா தரும் நிறமும் தெளிவும் பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்தச் செயலிகளில் கிடைப்பதில்லை.

தனியாக நின்று தன்னைத் தானே படம் பிடிப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சமையல் காட்டுகிறவர், காரைநகர் கசூரினா கடற்கரையில் நடந்தபடி பேசுகிறவர், கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் எல்லாருக்கும் கமரா தன்னைத் தேடித் திரும்ப வேண்டும். அவர்கள் ஒஸ்மோ மொபைல் 7பீ அல்லது இன்ஸ்டா360 ஃப்ளோ வரிசையைப் பார்ப்பது நல்லது. 7பீயின் அறிமுக விலை 149 டொலர். உடன் வரும் சிறு கருவியை மாட்டினால் எந்தச் செயலியில் எடுத்தாலும் ஆளைத் தொடரும், கையசைவுக்குக் கட்டுப்படும், அதிலேயே ஒரு சிறிய லைட்டும் உண்டு. முகநூல் நேரலைக்கு இது கைகொடுக்கும். 2024இல் வந்த ஃப்ளோ புரோவும் 149 டொலர்தான். ஐபோனின் சொந்தக் கமராவிலேயே அது ஆளைத் தொடரும், கிம்பலை ஐபோனே திருப்ப விடும் ஆப்பிளின் டொக்கிட் முறையில் இயங்குவதால். ஐபோன் கையில் இருந்தால் நான் ஃப்ளோ பக்கம், ஆண்ட்ராய்டு என்றால் 7பீ பக்கம். 2023இல் வந்த முதல் ஃப்ளோவையும் கடைகளில் காணலாம். அதில் இந்த டொக்கிட் இல்லை, ஆனால் அதன் பற்றரியிலிருந்து போனுக்குச் சார்ஜ் கொடுக்கலாம்.

7பீயிலும் ஃப்ளோவிலும் உள்ளேயே நீட்டும் தண்டு இருக்கிறது, சுமார் 215 மில்லிமீற்றர். நல்லூரில் 24ஆம் நாள் தேர் வரும்போது வெளிவீதியில் தலைகளுக்கு மேலாகப் போனை உயர்த்திப் பிடிக்க இது எவ்வளவு உதவும் என்று சொல்லத் தேவையில்லை. (கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை, அதில் எந்தக் கிம்பலாலும் ஒன்றும் செய்ய முடியாது.) ஆனால் நீட்டிய தண்டின் நுனியில் போன் இருக்கும்போது கை விரைவில் சோரும், காற்றும் கூடுதலாகத் தள்ளும். திருவிழாக் காலம் சோளகக் காற்றின் காலம். பண்ணைப் பாலத்திலோ குறிகட்டுவான் இறங்குதுறையிலோ நின்றால், படுக்கையாகப் பூட்டிய பெரிய போன் விரித்த பாய் போலக் காற்றை வாங்கும். மோட்டார்கள் அதை எதிர்த்து நடுங்கும், அந்த நடுக்கம் வீடியோவில் தெரியும். அப்படியான இடத்தில் தண்டை மடக்கி, போனை நெட்டாக நிறுத்தி, உடம்பைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து எடுப்பதுதான் வழி. நயினாதீவுப் படகில் உப்புநீர் தெறிக்கும். இந்தக் கிம்பல்கள் எதுவும் தண்ணீருக்குத் தாங்காது, கைக்குட்டையால் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஹெம், ஜியுன் என்ற நிறுவனங்களின் கிம்பல்கள் இரண்டாம் வரிசையில் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. ஹோஹெம் ஐஸ்டெடி வி2இல் ஆளைத் தொடரும் கண் கிம்பலிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, செயலியே வேண்டாம். டிஜேஐ இந்த வசதியைத் தருவதற்கு முன்பே இவர்கள் தந்துவிட்டார்கள். அவர்களுடைய எம்6, 400 கிராம் வரை தூக்கும். ஜியுன் ஸ்மூத் 5எஸ் தடித்த பழைய பாணி. எடை 600 கிராமைத் தாண்டும், சின்னதாக மடியாது, கைப்பிடி நிறையப் பொத்தான்களும் ஒரு சில்லும். போனில் ஒழுங்காகக் குறும்படம் எடுக்க நினைக்கும் பெடியளுக்கு அது பிடிக்கும். விழா வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் மூன்று மணி நேரம் பிடித்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

போனின் எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஒஸ்மோ மொபைல் 7 தூக்குவது 170 முதல் 300 கிராம் வரை, எஸ்இ 290 வரை. ஐபோன் 14 புரோ மேக்ஸ் 240 கிராம். அதற்குத் தடித்த கவர் போட்டு, மைக் ரிசீவரையும் செருகினால் எல்லையைத் தொட்டுவிடும். கவரைக் கழற்றிவிட்டுப் பூட்டுவதே நல்லது. எல்லைக்குள் இருந்தாலும் போன் பிடியின் நடுவில் இருக்க வேண்டும். இயக்காத நிலையில் போன் ஒரு பக்கம் தொங்கினால், மோட்டார் அந்தப் பக்கத்தை எந்நேரமும் தூக்கிக்கொண்டே இருக்கும். பற்றரி சீக்கிரம் இறங்கும், மோட்டார் சூடாகும்.

எந்த விலைக் கிம்பலாலும் செய்ய முடியாத ஒன்று, நடக்கும்போது உடம்பு மேலும் கீழுமாக எழும்பி இறங்குவதை நிறுத்துவது. மூன்று மோட்டார்களும் திரும்பும் அசைவைத்தான் திருத்தும். முழங்காலைச் சற்று மடக்கி, குதிக்காலை முதலில் வைத்து மெல்ல நடக்கப் பழகினால்தான் காட்சி வழுக்கிக்கொண்டு போகும். வேட்டியோடு இந்த நடை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பின்னால் இருப்பவர் கையில் பிடித்து எடுக்கலாம். ஹாண்டிலில் நேரே பூட்ட வேண்டாம். பெரிய இயந்திரங்களின் அதிர்வு ஐபோன் கமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது.

மிரர்லெஸ் கமரா (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கமரா) வைத்து விழா வீடியோ எடுத்துச் சம்பாதிப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அங்கே மலிவு என்பதன் தொடக்கமே டிஜேஐ ஆர்எஸ் 3 மினி. 2023 ஜனவரியில் 369 டொலருக்கு வந்தது, டொலர் 300 ரூபாய் என்ற அதே கணக்கில் 1,10,000 ரூபாய் சொச்சம். 795 கிராம் எடை, 2 கிலோ தூக்கும், பற்றரி 10 மணி நேரம். சோனி ஏ7 III உடல் 650 கிராம், கமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண கிட் லென்சோடு ஒரு கிலோவுக்குள் நிற்கும், பிரச்சினை இல்லை. கனமான டிஎஸ்எல்ஆரில் 24–70 எஃப் 2.8 லென்ஸ் பூட்டியிருப்பவர் இரண்டு கிலோவை நெருங்கிவிடுவார். சமநிலை பிடிப்பதும் சிரமமாகும். அவர் இதைவிடப் பெரியதையே பார்க்க வேண்டும். பின்னால் வந்த ஆர்எஸ் 4 மினியும் அதே 2 கிலோதான், ஆகவே எடைக்காக மட்டும் அதற்கு மாறுவதில் பொருளில்லை.

இந்தக் கருவிகள் பாவித்தவையாகவும் கைமாறும். வாங்கும்போது இயக்காத நிலையில் கிம்பலின் கைகளை விரலால் ஆட்டிப் பாருங்கள், மோட்டார் மூட்டில் தளர்ச்சி இருக்கக் கூடாது. இயக்கியபின் ஒரு கதவு நிலையை எதிரே வைத்துப் பத்து நிமிடம் பிடியுங்கள். கோடு மெல்லச் சரிந்தால், மேசையில் வைத்துக் கலிபிரேஷன் (நேர்நிலையைத் திருத்திப் பதிவது) செய்து திரும்பப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஆர்எஸ் 3 மினியிலும் போன் கிம்பல்களிலும் பற்றரி உள்ளேயே இருப்பது, கழற்றி வேறு போட முடியாது. எனவே எத்தனை வருடம் ஓடியது என்று விற்பவரிடம் நேரே கேளுங்கள், பதில் இழுபட்டால் புதியதற்கே காசு சேருங்கள்.