சரவாங்கிக்கு மூன்று குளிசைகள்: வெள்ளை அணுக்களுக்கு என்ன நடக்கிறது?

அம்மாவுக்குச் சரவாங்கி, அதாவது மூட்டுகள் வீங்கி நோகும் வாத நோய். அவவின் இரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் 14,000 என்று இருந்தது. வழக்கமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டும். எங்கேயோ கிருமி பிடித்துவிட்டது என்று வீடே பயந்தது. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்டது, "அம்மா, பிரெட்னிசலோன் எவ்வளவு நாளாப் போடுறீங்கள்?" என்றுதான். அது சரவாங்கிக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் குளிசை.

நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்களில் கணிசமானவை இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரெட்னிசலோன் போட்டால் அவை கழன்று இரத்த ஓட்டத்தில் சேரும். எலும்பு மச்சையிலிருந்தும் புதிதாக வரும். அதனால் எண்ணிக்கை ஏறும். ஆனால் அவை மூட்டுக்குள் நுழைவது குறையும். வீக்கம் சட்டென்று வற்றுவது அதனால்தான். இன்னொரு வகை வெள்ளை அணுக்களான லிம்போசைட்டுகளோ குறைந்துபோகும். ரிப்போர்ட்டில் ஆள்கணக்குக் கூடினாலும் கிருமியைத் தடுக்கும் பலம் குறைகிறது. நீண்டகாலம் போட்டால் எலும்பும் தேயும், சீனியும் ஏறும்.

சந்தி பார்மசியில் நோவுக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் வேறு விதம். நோவையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளான்டின் எனும் பொருள் உருவாவதை அது தடுக்கிறது. இவ்வகை மருந்துகளின் இந்த வேலையை 1971இல் பிரித்தானிய மருந்தியல் ஆய்வாளர் ஜோன் வேன் கண்டுபிடித்தார். நோவும் விறைப்பும் குறையும், வெள்ளை அணு எண்ணிக்கை பெரும்பாலும் அசையாது. ஆனால் மூட்டு அரிபடுவது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு பயமும் உண்டு.

மூன்றாவது குளிசையான மெதோட்ரெக்சேற் மெதுவானது, பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூட்டைத் தாக்கும் அணுக்களை அடக்கி, மூட்டு அரிபடுவதையே தடுக்கும். சில பேருக்கு எலும்பு மச்சையையும் அமுக்கி எண்ணிக்கையை இறக்கிவிடும். ஆகவே இரத்தமும் ஈரலும் ஒழுங்காகப் பார்க்கவேண்டும், டொக்டர் சொன்னபடி ஃபோலிக் அமிலமும் போடவேண்டும். வாரத்துக்கு ஒருநாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

என்னைக் கேட்டால், அடிப்படை மருந்தாக மெதோட்ரெக்சேற்றைத்தான் சொல்வேன். பிரெட்னிசலோன் அது வேலை செய்யத் தொடங்கும்வரை மட்டும். டைக்ளோஃபெனாக் தாங்கமுடியாத நாளுக்கு, அதுவும் டொக்டரைக் கேட்டு.

அப்புறம், மார்கழி மழையோடு இங்கே டெங்கு வரும். டெங்குவிலும் வெள்ளை அணு குறையும், மெதோட்ரெக்சேற்றாலும் குறையும். காய்ச்சல் என்று போனால் முதலில் குளிசைப் பெயர்களைச் சொல்லுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை டைக்ளோஃபெனாக்கைத் தொடவேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அம்மாவின் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் மூன்று பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.