கௌதாரி, காடை திரும்ப வரணும்னா வாங்கி விடறதா, ஓரத்தை விட்டு வைக்கறதா?

நிலத்துல கௌதாரி சத்தம் குறைஞ்சு போச்சேன்னு கவலைப்படறவங்க முன்னாடி ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, கூண்டுல வளர்த்த பறவையை வாங்கிட்டு வந்து திறந்து விடறது. இன்னொண்ணு, வயல் ஓரத்துல ஒரு பட்டையை உழாம, மருந்தடிக்காம விட்டுட்டு, மிச்சம் இருக்கற பறவையே பெருகட்டும்னு காத்திருக்கறது. நாங்க ரெண்டையும் பண்ணிப் பாத்தாச்சு. இப்ப நான் முழுசா ரெண்டாவது பக்கம், அதை முதல்லயே சொல்லிடறேன்.

வாங்கி விடறதுல இருக்கற நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நிலத்துல ஒரு அடி இழக்க வேண்டாம், அன்னிக்கே பறவை கண்ணுக்குத் தெரியும். நாங்க 40 காடை விட்டோம், அன்னிக்கு சாயங்காலம் அதுங்க தாள் நடுவுல மேயறதைப் பாத்து மனசு அப்படி நிறைஞ்சு போச்சு. மூணாம் நாள் காலைல வேலியோரம் பூரா இறகு. ரெண்டு வாரத்துல ஒண்ணு கூட கண்ணுல படல. அதுங்களைச் சொல்லி என்ன பண்றது, இன்குபேட்டர்ல பொரிச்சு பல்பு வெளிச்சத்துல வளர்ந்ததுங்க, மேல பருந்து நிழல் விழுந்தா தரையோட ஒட்டிப் பதுங்கணும்னு காட்டித் தர தாய் கிடையாது, காலடிச் சத்தம் கேட்டா தீனி வருதுன்னு எதிர்ல ஓடி வந்து நிக்கும்.

அப்புறம்தான் இன்னொரு விஷயம் புரிஞ்சுது, இதுல எங்க தப்பு பெருசு. பண்ணையில கிடைக்கறது பெரும்பாலும் ஜப்பான் காடை. அது காட்டுக்காடையோட கூடும். ஐரோப்பாவுல வேட்டைக்காக விட்ட பண்ணைக்காடையால காட்டுக்காடையோட கலப்பு ஏற்பட்டிருக்கு, வலசை போற காடைக்கு அந்த உந்துதலே மங்கிடுமோங்கறதுதான் அங்க இருக்கற பயம். கூண்டுல வளர்ந்தது குடற்புழுவைக் காட்டுப் பறவைக்குக் கொண்டு போறதும் உண்டு. சட்டமும் நாட்டுக்கு நாடு வேற, சில இடத்துல இந்தப் பறவையைப் பிடிச்சு வச்சிருக்கறதே குற்றம், அதனால எதையும் விடறதுக்கு முன்னாடி வனத்துறைல கேட்டுடுங்க.

ஆனா நான் பக்கம் மாறினதுக்கு இதெல்லாம் கூட முக்கிய காரணம் இல்ல. குஞ்சு தின்னற தீனிதான் காரணம்.

பெரிய கௌதாரி விதை, தளிர், உதிர்ந்த தானியம்னு எதையாவது தின்னு சமாளிச்சுடும். குஞ்சு அப்படி இல்ல. முட்டையை விட்டு வெளில வந்த முதல் ரெண்டு வாரத்துக்கு அதுக்கு பூச்சிதான் வேணும், அசுவினி, சின்ன வண்டு, புழு, தத்துக்கிளிக் குஞ்சு, எறும்புக் கூட்டுல இருக்கற கூட்டுப்புழு. அந்தப் புரதம் கிடைச்சாதான் இறகு முளைக்கும், இறகு முளைச்சாதான் எழும்பிப் பறந்து தப்பிக்கும். பூச்சி இல்லாத வயல்ல தாய் எவ்வளவு நல்லா அடை காத்தாலும் குஞ்சு பட்டினில போயிடும், இல்லன்னா தீனி தேடி ரொம்ப தூரம் அலைஞ்சு பனில நனைஞ்சு குளிர்ல போயிடும்.

இதை அழுத்தமா நிரூபிச்சவர் பிரிட்டன்ல டிக் பாட்ஸ்னு ஒரு ஆய்வாளர், 1968ல சசெக்ஸ் பக்கம் வயல் வயலா கௌதாரியைக் கணக்கெடுக்க ஆரம்பிச்சாரு, பின்னாடி பூச்சியையும் சேர்த்துக்கிட்டாரு, அந்தக் கணக்கு அவருக்கு அப்புறமும் தொடருது. பிரிட்டன்ல கௌதாரி எண்ணிக்கை 1960கள்ல இருந்து 90 சதவீதத்துக்கு மேல விழுந்திருக்கு. அவர் காட்டின சங்கிலி ரொம்ப எளிமை, களைக்கொல்லி வந்துச்சு, களை போச்சு, களையை நம்பி இருந்த பூச்சி போச்சு, பூச்சியை நம்பி இருந்த குஞ்சும் போச்சு. யாரும் கௌதாரிக்கு விஷம் வைக்கவே இல்ல பாருங்க. அதனாலதான் சொல்றேன், வாங்கி விட்ட பறவை எப்படியோ தப்பிச்சு ஜோடி சேர்ந்து முட்டை வச்சாலும் அது குஞ்சும் இதே வயல்லதான் இரை தேடணும், ஓரத்தை மாத்தாம வருஷா வருஷம் வாங்கி விட்டுட்டே இருக்கறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறதுதான்.

ஓரத்தை விடறதுன்னா சும்மா விட்டுட்டுப் போறது இல்ல, இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. பிரிட்டன்ல பண்றது, தானியப் பயிரோட வெளி ஓரம் 6 மீட்டரை விதைப்பாங்க, ஆனா பூச்சி மருந்தும் அகன்ற இலைக் களைக்கு அடிக்கற மருந்தும் அங்க அடிக்க மாட்டாங்க. பெரிய வயலா இருந்தா நடுவுல 2 மீட்டர் அகலத்துக்கு மண்ணை மேடாக்கி கொத்துக் கொத்தா வளர்ற புல்லை விதைப்பாங்க, குளிர்காலத்துல வண்டு தங்க அது இடம். அமெரிக்காவுல பாப்வைட்ங்கற அந்த ஊர் காட்டுக்காடைக்காக 2004ல ஆரம்பிச்ச திட்டத்துல வயல் விளிம்புல 30 அடில இருந்து 120 அடி வரைக்கும் விடச் சொன்னாங்க.

எங்க ஓரம் முதல் வருஷம் பிரமாதம். மூணாவது வருஷம் புல்லு பாய் விரிச்ச மாதிரி அடர்ந்து போச்சு, பாக்க பசுமையா இருந்துச்சு, ஆனா பறவை உள்ள போகவே இல்ல. ஒரு நாள் குனிஞ்சு புல்லை விலக்கிப் பாத்தப்பதான் காரணம் புரிஞ்சுது, அடியில மண்ணே தெரியல, காய்ஞ்ச தாள் மெத்தை மாதிரி கிடக்கு. கௌதாரிக் குஞ்சு கட்டை விரல் அளவுதான், அது அந்த மெத்தைக்குள்ள எப்படி நடக்கும்? மேல குடை மாதிரி இலை மூடணும், கீழ தரை வெறும் மண்ணா இருக்கணும், அதுதான் அதுக்கு வேண்டிய வீடு. அதுக்கப்புறம் ஓரத்தை மூணு பாகமாப் பிரிச்சு வருஷத்துக்கு ஒரு பாகத்தை மட்டும், கூடு கட்டற காலம் முடிஞ்சப்புறம், லேசா உழுது விடறோம். உழுத இடத்துல அடுத்த பருவம் அகன்ற இலைச் செடி முளைக்குது, பூச்சி அதுலதான் மொய்க்குது. பழைய பாகம் கூடு வைக்க ஆகுது. செலவுன்னு பாத்தா வருஷத்துல அரை நாள் டிராக்டர் வேலை, அப்புறம் அந்தப் பட்டைல போற விளைச்சல், அது எப்படியும் மர நிழல்லயும் மண் இறுகியும் கம்மியா வர்ற இடம்தான்.

நாய், பூனைத் தொல்லையைக் கட்டுப்படுத்தறது, குளிர்காலத்துல தானியம் வைக்கறது ரெண்டும் உதவும்தான், பாட்ஸே கூடு வைக்க மறைவு, குஞ்சுக்குப் பூச்சி, எதிரியைக் கட்டுப்படுத்தறதுன்னு மூணும் சேரணும்னு சொன்னவர். எங்க நிலத்துல தெரு நாயைத் தடுக்க வேலி போட்டது தவிர நாங்க வேற எதுவும் பண்ணல, அதனால அதைப் பத்தி நான் பெருசா பேசக்கூடாது.

பறவையை வாங்கி விடறதே தப்புன்னும் சொல்ல மாட்டேன். சுத்துவட்டாரத்துல ஒரு ஜோடி கூட மிச்சம் இல்லன்னா ஓரம் மட்டும் பறவையை உண்டாக்காது. சசெக்ஸ்ல அருண்டெல் பக்கம் ஒரு பெரிய எஸ்டேட்ல ஒரு சில ஜோடிதான் மிஞ்சி இருந்துச்சு, 2003 வாக்குல உயிர்வேலி, மேடு, ஓரம் எல்லாம் சரி பண்ணி, எதிரியையும் கட்டுப்படுத்தி, வெளில இருந்து கொஞ்சம் கௌதாரியும் கொண்டு வந்து நூத்துக்கணக்குல பெருக்கிட்டாங்க. குஞ்சு தப்பாத காட்டு ஜோடிகிட்ட வளர்த்த குஞ்சைச் சேர்த்து விடற முறையும் இருக்கு, அதுல பழக்கிக் குடுக்க ஒரு தாய் தகப்பனாவது கிடைக்குது. நாங்க அதைப் பண்ணிப் பாக்கல. எங்களுக்கு அதிர்ஷ்டம், பக்கத்துப் புதர்ல கௌதாரி ரெண்டு ஜோடி இருந்துச்சு.

ஆறு வருஷம் ஆச்சு, போன பருவம் விடியக்காலைல கூப்பிடற சத்தத்தை வச்சு எண்ணினதுல ஏழு ஜோடி. ஒரே நிலத்துக் கணக்கு, நடுவுல நல்ல மழை வருஷமும் இருந்துச்சு, அதுல ஓரத்தோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்கு இந்த அனுபவம் பத்தாது. இந்த வருஷம் மூணாவது பாகத்தை உழற முறை, ஆனா அதுக்குள்ள ஒரு ஜோடி லேட்டா அடை உக்காந்திருக்கு, குஞ்சோட வெளில வர்ற வரைக்கும் டிராக்டரை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கேன்.