சொகுசுக் கப்பலா, தீவில் தங்கலா?

பனிக்காலத்தில் பச்சைத் தேயிலை வரத்து குறையும்போதுதான் கோத்தகிரியில் எங்களைப் போன்றோருக்கு வெளியூர் செல்ல ஓய்வு கிடைக்கிறது. கடலை அறியாத மலைப் பிள்ளைகளைச் சொகுசுக் கப்பலில் ஏற்றுவதா, அந்தமானின் ஷாகீத் தீவில் ஐந்து நாள் தங்க வைப்பதா என்று இவ்வாண்டு வீட்டில் நெடுநேரம் பேசினோம்.

கப்பலில் அறையும் உணவும் கலைநிகழ்ச்சியும் பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். முழங்கால் வலியுள்ள என் மாமியாருக்கு மின்தூக்கியே பெரிய வசதி. ஆனால், கரையில் கிடைப்பது சில மணி நேரமே.

2018 வரை நீல் தீவு எனப்பட்ட ஷாகீத் தீவில், லட்சுமண்பூர்க் கடற்கரையில் நீர் வற்றும்போது இயற்கைப் பாறைப் பாலம் வரை நடந்து செல்லலாம். வழியில் பாறைக் குழிகளில் தேங்கிய கணுக்கால் நீரில் நண்டுகளும் கடல் வெள்ளரியும் சிறு மீன்களும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதை, அங்கேயே தங்கும் குழந்தை தானே கண்டுகொள்ளும். இதற்காகவே நான் தீவின் பக்கம் நிற்கிறேன்.

சிரமங்களும் உண்டு. போர்ட் பிளேர் என முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் வரை விமானம், பிறகு படகு. கடல் சீறினால் படகு ரத்தாகும் என்பதால், திரும்பும் பயணத்துக்கு முன் ஒரு நாளைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். பவளத்துண்டு எதையும் எடுத்து வரக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டோம்.