லவுட்டர்புருன்னென்: சும்மா பார்க்கும் அருவியும் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அருவியும்

சுவிட்சர்லாந்து போகிற நம்ம ஆட்கள் பெரும்பாலும் யுங்ஃபிராயோக் என்ற உயரமான மலை ஸ்டேஷனுக்குப் போகிற ரயிலுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, வழியில் லவுட்டர்புருன்னென் என்ற பள்ளத்தாக்கு ஊரில் ரயில் மாறுகிற இடைவெளியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சர்ச் கோபுரத்துக்குப் பின்னால் பாறையிலிருந்து வெள்ளையாக இறங்குமே, அந்தப் போட்டோதான். அது ஸ்டவுப்பாக் அருவி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் காசும் நேரமும் செலவழிக்க வேண்டிய இடம் அது இல்லை, இன்னும் மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே, ரோட்டிலிருந்து பார்த்தால் சரியாகக் கண்ணில்கூடப் படாமல் மலைக்குள்ளேயே ஓடுகிற ட்ரூமெல்பாக் அருவிதான்.

முதலில் ஸ்டவுப்பாக்கை முடித்துவிடுகிறேன். 297 மீட்டர் உயரம், ஊருக்குள்ளேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. பனியுகத்தில் பெரிய பனியாறு இந்தப் பள்ளத்தாக்கை ஆழமாக அரித்துக்கொண்டு போய்விட்டது, பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளத்தாக்குகள் மேலேயே நின்றுவிட்டன, அதனால் அங்கிருந்து வருகிற ஓடைகளுக்கெல்லாம் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்று சொல்வது இதனால்தான். ஸ்டவுப்பாக்கில் விழுகிற தண்ணீரின் பாதியைக் காற்றே பிய்த்துத் தூவிவிடுகிறது. ஜெர்மன் கவிஞர் கதே 1779-இல் இங்கே வந்து இதைப் பார்த்துவிட்டுக் கவிதை எழுதினார். கோடையில் பாறைக்குள் குடைந்த படிகளில் ஏறி அருவியின் பின்பக்கம் போய் நிற்கலாம். ஏறிப் பார்த்தால் முகத்தில் லேசான சாரல், எதிரே பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். மழை இல்லாத கோடைக் கடைசியில் தண்ணீர் ரொம்பவே மெலிந்துவிடும். இதைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் நல்லது.

சரி, ட்ரூமெல்பாக்குக்கு வருவோம். ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்ற மூன்று பெரிய சிகரங்களின் பனி உருகி வருகிற தண்ணீர், நொடிக்கு 20,000 லிட்டர் வரை, இந்த ஒற்றைப் பிளவு வழியாகத்தான் கீழே வருகிறது. பாறையைக் குடைந்துகொண்டே இறங்குவதால் மலைக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்து அருவிகள். வருஷத்துக்கு 20,000 டன்னுக்கு மேல் கல்லையும் மண்ணையும் இந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிறதாம். உள்ளே போய் நின்றால் அந்தக் கணக்கு மிகையாகத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்காது, அரைபட்ட பாறைத்தூள் கலந்து சாம்பல் கலந்த வெள்ளையில் வரும். அந்தத் தூளும் கல்லும்தான் சுவரை உளி போலச் செதுக்கி, சில இடங்களில் திருகாணி வடிவத்தில் சுழல வைத்திருக்கின்றன.

டிக்கெட் வாங்கியதும் மலைக்குள் சாய்வாக ஏறும் லிஃப்ட் ஒன்று இருக்கிறது, 1913-இல் போட்டது. அது ஆறாவது அருவிப் பக்கம் கொண்டுபோய் விடும். பலபேர் அங்கிருந்தே கீழே இறங்க ஆரம்பிக்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள், முதலில் படியேறி மேலே பத்தாவது வரை போய்விட்டு அப்புறம் இறங்குங்கள். மேலே வெளிச்சம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், நடுவில் முழு இருட்டு, விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது, காதருகே கத்தினாலும் கேட்காது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் பாறையின் அதிர்வு கைக்கே தெரிகிற மாதிரி இருந்தது எனக்கு. அருவி என்றால் குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து நிற்பது என்று பழகியவர்களுக்கு இது வேறு ரகம், இதில் விரலைக்கூட நனைக்கத் தோன்றாது, கொஞ்சம் பயமாகவே இருக்கும். அந்தப் பயத்துக்குத்தான் காசு.

குறைகளும் உண்டு. கட்டணம் நம்ம கணக்குக்கு அதிகம், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற இடத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குகிற சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பேருந்து இலவசமே தவிர அருவிக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும், இதைக் கவுண்டரில் போய்த் தெரிந்துகொண்டு முகம் சுளிப்பவர்கள் நிறைய. பாதை குறுகல், கூட்டமான நேரத்தில் ஒருவர் செல்ஃபிக்கு நின்றால் பின்னால் வரிசையே நின்றுவிடும். படிகள் எப்போதும் ஈரம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை, கைக்குழந்தையோடு போகிறவர்கள் மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு லிஃப்ட் உதவும், ஆனால் லிஃப்டில் இறங்கின பிறகும் முக்கியமானதைப் பார்க்கப் படிதான்.

எப்போது போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும், ஆனால் ஏப்ரலில் போய்விட்டு ஏமாற்றம் என்று எழுதாதீர்கள், மேலே பனி இன்னும் உருகவே ஆரம்பித்திருக்காது. ஜூன், ஜூலைதான் சரியான மாதங்கள். அதிலும் வெயில் ஏறிய பிற்பகலில் தண்ணீர் கூடும், காலையில் கூட்டம் குறைவு, எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் தண்ணீர் பக்கம். இன்னொரு வசதி, மழை நாளில் யுங்ஃபிராயோக் மேலே போனால் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, இது மலைக்குள் என்பதால் மழை ஒரு பொருட்டே இல்லை.

இன்டர்லாக்கன் ஊரின் ஓஸ்ட் ஸ்டேஷனிலிருந்து லவுட்டர்புருன்னென் இருபது நிமிட ரயில், ஸ்டேஷன் வாசலிலேயே ஷ்டெக்கெல்பெர்க் போகிற 141-ஆம் நம்பர் பேருந்து, அருவி வாசலிலேயே நிறுத்தம். கோடையிலும் உள்ளே குளிரும், மெல்லிய மழைக்கோட்டு ஒன்றும் வழுக்காத ஷூவும் போதும், குடை எதற்கும் உதவாது. திரும்பும்போது பேருந்தைப் பிடிக்காமல் சமதரையில் ஊர் வரைக்கும் நடந்தே வரலாம், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இரண்டு பக்கமும் பாறைச்சுவர், ஸ்டவுப்பாக்கையும் சரியான தூரத்திலிருந்து பார்த்த மாதிரி ஆகிவிடும்.