நெல்லித்தோப்பு காப்புரிமை முகவர்: ஒரு பட்டறைக்காரரின் பார்வையில்

கடலூர் முதுநகரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மீன் செதில் சுரண்டும் கருவி ஒன்று செய்தேன்: செதில் தெறிக்காமல் உள்ளேயே தேங்க ஒரு மூடி, ஈரக் கையிலும் வழுக்காத வளைந்த பிடி. அதைப் பதிவு செய்யப் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு முகவரிடம் போனேன்.

பணத்தைப் பற்றிப் பேசும் முன் அவர் கேட்டது, "இதை வெளியே யாருக்காவது காட்டினீங்களா, வாட்ஸ்அப்பில் போட்டீங்களா?" என்றுதான். விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் பதிவு கிடைப்பது கஷ்டம். அப்புறம் கருவியை மேசையில் பிரித்து வைத்து விளக்கினார். பிடியின் தோற்றம் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் வரும். பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. செதில் உள்ளே தேங்கும் விதமோ வேலை செய்யும் முறை. அதற்குக் காப்புரிமைதான் (பேட்டன்ட்) கேட்க வேண்டும், கிடைத்தால் 20 ஆண்டு. முழு விவரம் தயாரில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கருவியைப் பற்றிய முதற்கட்ட எழுத்து விளக்கத்தைக் கொடுத்து விண்ணப்பத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழுமையானதைத் தாக்கல் செய்ய வேண்டும். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மனசு நிறைந்துபோனது.

குறை என்றால் விண்ணப்பத்துக்கான கருவியின் வரைபடம்தான். தாமதமாக வந்தது, பக்கவாட்டுப் படமும் தப்பு. திருத்தி வாங்க அலைந்தேன்.

ரசீதில் அரசுக் கட்டணம் தனி, அவர் கூலி தனி. விண்ணப்பம் ஆன்லைனிலேயே போனதால் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு பஸ் ஏறவில்லை. புதுச் சாமான் செய்பவர்கள் கடைக்கு அனுப்பும் முன் இவரைப் பாருங்கள். மாதிரியைக் கையோடு கொண்டுபோங்கள்.