ரூமர்ஸ் எல்பி: போனில் சும்மா கிடைப்பதற்கு மூவாயிரம் ரூபாயா?

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் பார்க்க வந்தவர்களுக்கு: வாங்கலாம், தாராளமாக. ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழு 1977 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் எல்பி, அதாவது ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டு, அதன் சாதாரண ஒற்றைத் தட்டு மறுபதிப்பைப் பற்றித்தான் சொல்கிறேன். எனக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. போனில் சும்மா கிடைக்கிற பாட்டுக்கு மூவாயிரமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு வாயில் வராத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

குறையை முதலில் முடித்துவிடுவோம். ஆன்லைனில் வாங்கிய முதல் பிரதி நெளிந்து வந்தது. தட்டைச் சுழல விட்டால் ஊசி அலையில் மாட்டிய தோணி மாதிரி ஏறி ஏறி இறங்கியது, பியானோ வரும் இடமெல்லாம் சுருதி ஆடியது. படம் பிடித்து அனுப்பி, நாலு தடவை போனில் பேசி, பன்னிரண்டு நாள் கழித்து மாற்றிக் கொடுத்தார்கள். கடை பெயர் வேண்டாம், ஆனால் எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பிரதி ஒழுங்காக இருந்தது. கொஞ்சம் தூசி, துடைத்ததும் போய்விட்டது.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. குழுவில் ஐந்து பேர், முன்பக்கத்தில் இருப்பதோ இரண்டே பேர்: கறுப்பு உடையில் பாடகி ஸ்டீவி நிக்ஸ், அவர் பக்கத்தில் பனைமரம் போல் நெட்டையாக டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட். மிக்கின் இடுப்பிலிருந்து இரண்டு மரக்குண்டுகள் தொங்கும். பழைய காலத்துக் கழிவறையில் தண்ணீர் விட இழுக்கும் சங்கிலியின் நுனியில் இருக்குமே, அதேதான். போனில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் படத்தில் பல வருடங்களாக இதை நான் கவனித்ததே இல்லை. பன்னிரண்டு அங்குல அட்டையில் பார்த்தபோதுதான் இவ்வளவு சோகமான ஆல்பத்துக்கு இப்படி ஓர் அட்டையா என்று சிரிப்பு வந்தது.

சோகம் என்று சொன்னேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1976இல் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாசலிட்டோ என்ற ஊரில், ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் இந்தப் பதிவு தொடங்கியது. கீபோர்டு வாசித்துப் பாடும் கிறிஸ்டின் மெக்வீயும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வீயும் கணவன் மனைவி, அப்போதுதான் பிரிந்திருந்தார்கள். ஸ்டீவியும் கிட்டார் வாசிக்கும் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் பல வருடக் காதலர்கள், அவர்களும் பிரிந்துகொண்டிருந்தார்கள். மிக்கின் திருமணமும் அதே நேரத்தில் உடைந்தது. ஜன்னல் இல்லாத ஸ்டுடியோ, ராத்திரி பகல் தெரியாத வேலை, மதுவும் கொக்கேயினும் தண்ணீர் பட்ட பாடு. ‘ரூமர்ஸ்’, அதாவது வதந்திகள், என்று பெயர் வைக்கச் சொன்னதே ஜான்தான். ஊர் பேசட்டும் என்று விட்டுவிட்டார் போல.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், யார் யாரோடு பிரிந்தார்கள் என்ற பட்டியலாகவே சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் பெரிய ஆர்வம் இல்லை. பிரிந்தவர்கள் பாட்டு எழுதுவது உலகத்தில் புதிதா என்ன? இங்கே வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. யாரைத் திட்டி எழுதினார்களோ அவரே பக்கத்தில் நின்று அந்தப் பாட்டுக்கு வாசிக்க வேண்டும், பின்குரல் கொடுக்க வேண்டும், அதுவும் நன்றாகக் கொடுக்க வேண்டும். போனில் ஏதோ வேலை செய்துகொண்டே கேட்கும்போது இது காதில் விழாது. தட்டைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் விழுகிறது.

‘ட்ரீம்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டுடியோவில் ஸ்லை ஸ்டோன் என்ற பாடகர் பயன்படுத்திய ஓர் அறை இருந்தது, தரை பள்ளமாக, கறுப்பும் சிவப்புமாக, வெல்வெட் போட்ட கட்டிலோடு. மற்றவர்கள் வேலையில் இருந்த ஒரு நாள் ஸ்டீவி ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு டிரம் தாளத்தை ஓடவிட்டு, பத்து நிமிடத்தில் எழுதி முடித்துக் கேசட்டில் பதிந்துகொண்டு வந்தார். லிண்ட்ஸியைப் பற்றிய பாட்டு. முதலில் கேட்டபோது கிறிஸ்டினுக்கு அது சலிப்பாக இருந்ததாம், திரும்பத் திரும்ப அதே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், என்று. நிஜம்தான், பாட்டு முழுக்க கிட்டத்தட்ட இரண்டே கார்டுகள்தான் மாறி மாறி வரும். அதை எடுத்து, பல்லவி ஒரு நிறம், சரணம் ஒரு நிறம் என்று மாற்றி அடுக்கிக் கேட்கும்படி செய்தவர் யார் என்று பார்த்தால், லிண்ட்ஸி. தன்னைப் பார்த்து ‘தனியாக இருக்கும்போது தெரியும் உனக்கு’ என்கிற தோரணையில் பாடும் பாட்டை அவரே உட்கார்ந்து இழைத்திருக்கிறார். இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் அவருடைய கிட்டார் ஒலி வீங்கி வீங்கி அடங்கும். நல்ல ஸ்பீக்கரில் அது அறைக்குள் யாரோ மூச்சு விடுவது போல் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தக் குழுவுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே பாட்டு இதுதான், 1977 ஜூனில்.

அதே பக்கத்தில் ஐந்தாவதாக ‘கோ யுவர் ஓன் வே’ வருகிறது. இது லிண்ட்ஸி ஸ்டீவிக்கு எழுதியது, இதில் நாகரிகமெல்லாம் பார்க்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு எவனோடாவது போய் இருப்பதுதான் உனக்கு வேண்டும் என்கிற பொருளில் ஒரு வரி வரும். அது பொய், எடுத்துவிடு என்று ஸ்டீவி சொன்னார். லிண்ட்ஸி எடுக்கவில்லை. ஸ்டீவி பிற்பாடு பேட்டிகளிலும் அந்த வரியைப் பற்றிக் கோபமாகவே பேசினார், மேடையில் அதைக் கேட்கும்போதெல்லாம் எதையாவது தூக்கி அடிக்கத் தோன்றும் என்கிற ரீதியில். ஆனால் பல்லவியில் சேர்ந்து பாடும் குரல்களைக் கவனியுங்கள், அவர் குரலும் அங்கே இருக்கிறது. உன் வழியைப் பார்த்துக்கொண்டு போ என்று தனக்கே சொல்லும் பல்லவிக்குத் தானே உச்சஸ்தாயியில் குரல் கொடுத்திருக்கிறார். எனக்கு இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைக் குதூகலமாகக் கேட்க முடியவில்லை, கார் பயணத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த பாட்டு, இப்போது போடுவதில்லை.

நடுவில் ‘டோன்ட் ஸ்டாப்’. கிறிஸ்டின் ஜானுக்காக எழுதியது, நாளையைப் பற்றி யோசி, போனது போகட்டும் என்று. பிரிந்த கணவரைத் தேற்றும் பாட்டு. ஜானோ அது தன்னைப் பற்றியது என்று தெரியாமலே வருடக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தாராம், அப்புறம் யாரோ சொல்லித்தான் தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1992இல் பில் கிளின்டன் தேர்தல் பிரசாரத்துக்கு இதை எடுத்துக்கொண்டார், மறு வருடம் அவர் பதவியேற்றபோது பிரிந்து கிடந்த குழு அதற்காகச் சேர்ந்து வாசித்தது. பாட்டாக எனக்கு இது சுமார்தான், நிறையக் கேட்டுத் தேய்ந்துபோனது.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘சாங்பேர்ட்’. ஒரு ராத்திரி மூன்று மணிவாக்கில் கிறிஸ்டினுக்கு வரியும் மெட்டும் சேர்ந்தே வந்து, அரை மணி நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. பதிந்துவைக்கக் கையில் டேப் ரெக்கார்டர் இல்லை. தூங்கினால் மறந்துவிடும் என்று பயந்து, விடியும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாராம். ஒலிப்பதிவாளர் கென் கெய்லட் இதை ஸ்டுடியோவில் பதிய விரும்பவில்லை. கச்சேரி முடிந்து எல்லோரும் போன பிறகு காலி அரங்கத்தில் ஒருவர் தனியாக வாசிப்பது போல் இருக்க வேண்டும் என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜெல்லர்பாக் அரங்கத்தை எடுத்தார்கள். பியானோ மேல் ரோஜாக்களை வைத்து, மேலே விளக்கு போட்டு வைத்திருந்தார்களாம். தாளம் தவறாமல் இருக்க லிண்ட்ஸி மறைவாக உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். மூவாயிரத்தில் ஆயிரத்தை இந்த மூன்றே கால் நிமிடத்துக்குத் தந்துவிடலாம். பியானோவைச் சுற்றி இருக்கும் காலியிடம் கேட்கிறது. பாட்டு முடிந்ததும் ஊசி உள்வட்டத்தில் போய்ச் சுற்றும், இலேசான கரகரப்பு மட்டும். எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். போனில் இந்த இடத்தில் அடுத்த நொடியே அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும், சில பதிப்புகளில் நடுவே வேறு பாட்டையும் செருகியிருக்கிறார்கள். தட்டில் அப்படி இல்லை, நான் பெரும்பாலும் உடனே எழுந்திருப்பதும் இல்லை.

திருப்பினால் ‘தி செயின்’. ஐந்து பேர் பெயரும் போட்ட ஒரே பாட்டு. அங்கங்கே கிடந்த துண்டுகளை, டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தது. பாட்டு ஒரு கட்டத்தில் அடங்கி நிற்க, ஜானின் பேஸ் கிட்டார் மட்டும் தனியாகக் கிளம்பும். பிபிசியின் ஃபார்முலா ஒன் கார் பந்தய நிகழ்ச்சிக்கு 1978 முதல் வருடக்கணக்கில் முகப்பு இசையாக இருந்ததால் பிரிட்டனில் அதைக் கேட்டால் காரைத்தான் நினைப்பார்கள். என் சின்ன ஸ்பீக்கரில்கூட அந்த இடத்தில் மேஜை அதிர்ந்தது.

அடுத்தது ‘யூ மேக் லவிங் ஃபன்’. கிறிஸ்டின் அப்போது குழுவின் விளக்கு அமைப்பாளரோடு பழகிக்கொண்டிருந்தார், பாட்டு அவரைப் பற்றியது. ஜானிடம் மட்டும் இது என் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவைத்தார். இப்போது அதில் பேஸ் வாசிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பில் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். மீதி மூன்றில் ‘ஓ டாடி’ இழுவை, எனக்குப் பொறுமை இல்லை. கடைசிப் பாட்டு ‘கோல்டு டஸ்ட் வுமன்’ விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம். பல மாதம் திரும்பத் திரும்ப ஓட்டியதில் மூல டேப் தேய்ந்து, டிரம் ஒலியின் கூர்மை போய்விட்டது. நல்லவேளையாக ஆரம்பப் பதிவின் இன்னொரு டேப் பத்திரமாக இருந்தது. பிறகு வாசித்துச் சேர்த்த பகுதிகளை அதற்கு மாற்ற வேண்டும், ஆனால் இரண்டையும் இணைத்து ஓட்ட வழியில்லை. ஒரு தொழில்நுட்பக்காரர் ஒரு காதில் ஒரு டேப், மறு காதில் இன்னொன்று என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வேகத்தைக் கையாலேயே திருகித் திருகிச் சேர்த்துக் கொடுத்தார். இந்த மறுபதிப்பில் டிரம்மும் பேஸும் சுத்தமாகவே இருக்கின்றன. நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் இரட்டைத் தட்டுப் பதிப்பும் உண்டு, இன்னும் துல்லியம் என்கிறார்கள், ஆனால் விலையும் ஏறும், இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை எழுந்திருக்கவும் வேண்டும்.

இந்தத் தட்டின் மேல் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனத்தாங்கல், அதில் இல்லாத பாட்டு. ‘சில்வர் ஸ்ப்ரிங்ஸ்’. மேரிலாந்துப் பக்கம் போகும்போது சாலைப் பலகையில் பார்த்த ஊர்ப்பெயர் பிடித்துப்போய் ஸ்டீவி எழுதியது, லிண்ட்ஸிக்குத்தான், என் குரல் உன்னை விடாது துரத்தும் என்கிற மாதிரி. அதன் உரிமையைத் தன் அம்மாவுக்குப் பரிசாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் திணித்தால் வரிப்பள்ளம் நெருங்கி ஒலி மெலிந்துவிடும். பாட்டு நீளம், இடம் இல்லை, எடுத்துவிட்டார்கள். மிக் அவரைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போய்ச் சொல்ல, அங்கேயே ஸ்டீவி கத்தித் தீர்த்தார். அந்த இடத்தில் வைத்தது அவருடைய பழைய பாட்டு ஒன்று, ‘ஐ டோன்ட் வான்ட் டு நோ’. இசையை அவருக்குச் சொல்லாமலே பதிந்து வைத்திருந்தார்கள், அவர் வந்து பாடிக் கொடுத்தார். கேட்க ஜாலியான பாட்டுதான், எனக்கு ஒட்டவில்லை. 1997இல் மேடையில் அவர் ‘சில்வர் ஸ்ப்ரிங்ஸ்’ பாடும் பதிவைப் பாருங்கள், கடைசியில் லிண்ட்ஸி பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தே பாடுவார். இருபது வருடம் ஆகியிருந்தது.

2004இல் வந்த மறுபதிப்பில் அந்தப் பாட்டைச் சேர்த்தார்கள். என்னிடம் இருக்கும் இந்த எல்பியில் பழைய வரிசைதான், பதினொன்று மட்டும். ஆனால் அந்தக் காலத்தில் ‘கோ யுவர் ஓன் வே’ சின்னத் தட்டாக வந்தபோது, அதன் பின்பக்கத்தில் ‘சில்வர் ஸ்ப்ரிங்ஸ்’ இருந்தது. அவர் திட்டியது ஒரு பக்கம், இவர் பதில் மறுபக்கம். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள், முன்பக்கம் எவ்வளவு கீறியிருந்தாலும் பரவாயில்லை.